தொடரும் தமிழாகுக!

"மழை வந்தால் பூண்டை உள்ளே எடு." கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில், முற்றத்திற் பூண்டு உலர்த்தும் தாய் தன் மகனை இவ்வாறே ஏவுவாள். நிலை முன்னே வரும். "ஆல்" என்னும் ஈறு அதனை வரையறுக்கும். செயல் பின்னே வரும். எழுத்தறியாச் சிறுவனும் ஒருமுறை கேட்ட அளவிலேயே செய்து முடிப்பான்.

அச்சிறுவன் பள்ளியிற் கணிப்பொறி நிரல் கற்கத் தொடங்குங்கால் நிகழ்வது யாது? "இஃப்" என்னும் அயற்சொல் முன்வந்து நிற்கிறது. நிலை அதன் பின்னே வருகிறது. சொல்லும் அயலது; வைப்புமுறையும் அயலது. கணக்கை உணருமுன் ஆங்கிலத் தொடரமைதியை அவன் உணர்ந்தாக வேண்டும். அவனது இடறலுக்கு அறிவுக்குறை கரணியமன்று. தலைமேல் ஏற்றிய பிறமொழிச் சுமையே கரணியம்.

நிரலுக்கு ஆங்கிலமே உயிர் என்பார் உளர். கணிப்பொறி ஆங்கிலமும் அறியாது, தமிழும் அறியாது. அஃது எண்களையே அறியும். நிரற்சொற்கள் மாந்தன் படித்தற்பொருட்டே அமைந்தவை. ஆல்கால் 68 என்னும் நிரல்மொழி உருசியம், செருமானியம், பிரெஞ்சு, பல்கேரியம் ஆகிய மொழிகளிலும் வடிக்கப்பட்டது. அவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதோ?

இயன்றது. அமெரிக்காவில் வாழும் முத்தையா அண்ணாமலை "எழில்" என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கி, 2009ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். எழிலில் நிலை முன்னும் "ஆனால்" என்னும் சொல் பின்னும் வரும். பூம்பாறைத் தாயின் தொடரமைதியே அது. தமிழுலகம் போற்றத்தக்க பணி இஃது.

ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. ஒரு நிலை மெய்யாயிருக்குமளவும் செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்க, எழிலில் "வரை" என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. தமிழில் "மாலை வரை உழு" எனின், மாலை வந்ததும் உழவு நிற்கும். எழிலிலோ நிலை நீங்கினாற்றான் செயல் நிற்கும். கற்பவன் நேர்மாறாகப் பொருள்கொள்ள இடமுண்டு. "உள்ளவரை" என அமைந்திருப்பின் ஐயத்திற்கு இடமில்லை. தூய தமிழ்ச்சொல் என்பதனாலேயே தெளிவு வந்துவிடாது என்பதைத் தமிழ்ப்பற்றாளர் உணர்தல் வேண்டும். சொல் தன் இடத்தில் தன் பொருளோடு நின்றாற்றான் நிரல் படிப்போர்க்கு விளங்கும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. அதே மலையில் 1899இல் நிறுவப்பட்ட கதிரவன் ஆய்வு நிலையத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட கதிரவன் ஒளிப்படங்கள் எண்ம வடிவாக்கப்பட்டு, நிரல்களின் துணையால் ஆராயப்படுகின்றன. தம் மலையிற் பிறந்த அவ்வறிவை அம்மலைச் சிறார் கையாள வேண்டாவா? அதற்கு முதற்படி அவர்தம் தாய்மொழித் தொடரில் அமைதல் வேண்டும்.

தமிழறிஞரும் நிரல் வல்லுநரும் ஒருங்கமர்க! ஒவ்வொரு நிரற்சொல்லையும் உழவர் வீட்டு முற்றத்திற் படித்துக் காட்டுக! அங்கு விளங்கும் தொடரே தமிழ்த்தொடர்; அதனையே நிரலில் நிறுத்துக!