கடைக்குத் திருப்பிக் கொடுக்க ஏன் வெட்கம்?

மாப் பொதியைப் பிரித்தால் வண்டு. மீன் ரின்னைத் திறந்தால் கெட்ட நாற்றம். எம்மவர் வீடுகளில் பிறகு நடப்பது என்ன? "நாலு டொலர்தானே, எங்கடை ஆக்களின்ரை கடைதானே" என்று குப்பையில் போட்டுவிடுகிறோம். கடைச் சுவரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று எழுதியிருந்தால் வாயே திறப்பதில்லை. இது பெருந்தன்மை அல்ல என்பதே எமது கருத்து. அதே தட்டில் இருக்கும் அடுத்த பொதி இன்னொரு வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது.

ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டம், 15ஆம் பிரிவு, இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு பொருளை வழமையாக விற்கும் வியாபாரி, அது விற்பனைக்கு உகந்த தரத்தில் இருப்பதாக விற்கும்போதே உறுதி கொடுத்தவராகிறார். வாயால் சொல்லவோ எழுதித் தரவோ தேவையில்லை. உணவு என்றால் அது உண்ணத் தகுந்ததாக இருக்கவேண்டும். நுகர்வோருக்கான இந்த உறுதியை எந்த நிபந்தனையாலும் நீக்க முடியாது என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆகவே அந்தச் சுவர் அறிவித்தல், மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்குப் பொருந்தலாம். பழுதான பொருளோடு வருபவருக்குப் பொருந்தாது.

"எனக்கென்ன தெரியும், கொம்பனி அனுப்பியது" என்ற பதிலும் எடுபடாது. இங்கிலாந்தில், எயில்ஸ்பரி பால் நிறுவனம் விற்ற பாலில் ரைபோய்ட் கிருமி இருந்து ஒரு பெண் இறந்தார். கிருமியைக் கண்டுபிடிக்க வழியே இருக்கவில்லை என்று நிறுவனம் வாதாடியது. ஆனாலும் பொறுப்பு அதனுடையதே என்று 1905இல் தீர்ப்பளித்தது நீதிமன்றம். ஒன்ராறியோவின் சட்டமும், இலங்கையின் 1896ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தவை. இது இன்றைக்கும் முக்கியம். மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேற்றுக் கலந்தால் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. ஆனால் ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

எமக்கும் கடமை உண்டு. நாமே பார்த்துப் பொறுக்கிய கத்தரிக்காயில் வெளியே தெரிந்த அழுகலுக்குக் கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது. "இத்திகதிக்கு முன் சிறந்தது" என்ற திகதி கடந்தது என்பதற்காக மட்டும் ஓர் உணவு கெட்டதாகாது. அத்திகதி புதுமையையும் சுவையையும் பற்றியது. குழந்தைப் பால்மாவில் இருக்கும் காலாவதித் திகதி வேறு; அது கடந்தால் கொடுக்கவே கூடாது.

பற்றுச்சீட்டையும் பொதியையும் எறியாதீர்கள். முதலில் கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் மொத்த வியாபாரியிடம் அதே உரிமையைக் கேட்கலாம். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கும் தெரியவராது. யாருக்காவது சுகமில்லாமல் போனால் வைத்தியரைப் பார்ப்பதோடு, 311ஐ அழைத்து ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவுக்கும் அறிவியுங்கள். பொதிசெய்த உணவென்றால் கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்திடமும் முறையிடலாம்.

எங்கடை கடைகள் நன்றாக இருக்கவேண்டும் என்றால், நாம் பேசித்தான் ஆகவேண்டும்.