மாத்திரைக்கும் மணி உண்டு

சென்ற மாதம் ஒரு நாள் காலைப் பெரட்டில் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் மயங்கி விழுந்தார். செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறவர். "காத்து கருப்புதான்" என்றார்கள் லயத்தில். கிளினிக்கில் ஊசி போட்ட பிறகே தெளிந்தார்.

அவருக்கு அடிசன் நோய். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் செயலற்றுப் போகும் நோய் இது. 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் இதை விவரித்தார். ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்து, உப்பின்மேல் ஆசை மிகுந்து, உடல் இளைத்தபோதுதான் அக்காவுக்கு நோய் தெரிந்தது. சுரப்பி தரவேண்டிய கார்ட்டிசோலை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையாக ஆயுள் முழுதும் அவர் விழுங்கவேண்டும்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"எத்தனை மணிக்குப் போடுறீங்க அக்கா?"

"மூணு வேளைன்னு எழுதியிருக்கு டீச்சர். பத்து மணிக்குப் பசியாறினதும் ஒன்னு, வேலை முடிஞ்சு வந்து ஒன்னு, ராத்திரி சோத்துக்கப்புறம் ஒன்னு."

மருந்துப் பையைப் பார்த்தேன். நேரமே குறிக்கவில்லை. எழுதியவர் இன்னும் நாலு எழுத்து எழுதியிருக்கலாம்.

நலமான உடலில் கார்ட்டிசோல் விடியலில் ஏறி, கண் விழிக்கும் வேளையில் உச்சத்தைத் தொடும். நள்ளிரவில் மிகக் குறைவாக இருக்கும். மாத்திரையும் அவ்வழியே போகவேண்டும். அக்காவோ பெரட்டில் வெறும் உடம்போடு நின்றார். இரவு மாத்திரையால் தூக்கமும் கெட்டது.

பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம். இரண்டு மூன்று பங்காகத் தருவார்கள். பெரிய பங்கு விழித்தவுடனே. அடுத்தது நண்பகலில். மூன்றாவது இருந்தால் மாலை நான்கு மணி வாக்கில். படுக்கைக்கு நான்கு மணி நேரமாவது முன்னதாக. ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு அவர் விழிக்கும் நேரமே விடியல். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் அக்கா அன்றுதான் சொன்னார். போன வருஷம் வாந்தி வந்தபோது, "வயிறு காலியா இருக்கே" என்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். உயிருக்கே ஆபத்தாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். காய்ச்சல் வந்தால் இந்த மாத்திரையைக் குறைக்கக்கூடாது. வழக்கமாக இரண்டு மூன்று மடங்காகக் கூட்டச் சொல்வார்கள். எவ்வளவு என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிதான். விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

மூட்டுவலிக்கு ஜாமு வாங்கிக் குடிப்பவர்களும் இதைக் கேளுங்கள். சில ஜாமுக்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெடுநாள் குடித்தால் சொந்தச் சுரப்பி தூங்கிவிடும். திடீரென நிறுத்தினால் அக்காவுக்கு வந்த ஆபத்தே வரும்.

டாக்டரைக் கேட்டு அக்காவின் நேரங்களை மாற்றிவிட்டோம். என் வகுப்பில் படிக்கும் அவர் பேரன் 5, 12, 4 என்று நோட்டுத் தாளில் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறான். இரவே ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்துவிடுகிறான். ஐந்து மணிக்கு மாத்திரை, பிறகுதான் கோப்பி.