கலஹா பஸ்ஸில் தினமும் கடந்து போகும் படிப்பு

கன்று போட்ட மாடு மறுநாள் எழும்பாமல் கிடக்கிறது. காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தால் அது பால் காய்ச்சல் என்று மாடு வளர்த்துப் பழகிய நம் பெண்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். இரத்தத்தில் கல்சியம் குறைந்துவிட்டது. நேரத்தோடு ஊசி வழியாக ஏற்றினால் மாடு எழுந்து நிற்கும், தாமதித்தால் செத்துப்போகும். பிள்ளையின் டியூஷன் காசும் கடைக் கடனும் அந்தப் பாலை நம்பித்தான் இருக்கின்றன.

அந்த நேரத்தில் மாட்டு டொக்டருக்குத் தொலைபேசி எடுத்து, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நோயை விளங்கப்படுத்தத் திண்டாடியவர்கள் நம்மில் பலர். டொக்டர்மாரைக் குறைசொல்ல நாம் வரவில்லை. நம் லயத்துப் பிள்ளைகளிலிருந்து ஒரு மிருக வைத்தியர் வருவது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

தூரம் காரணமல்ல. நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் தரும் ஒரே பல்கலைக்கழகம் பேராதனை. கலஹா வீதியே அந்த வளாகத்துக்குள்ளால்தான் போகிறது. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து நம் ஆட்கள் கண்டிக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறார்கள். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில். மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில்.

தடை பாடசாலையில் இருக்கிறது. இந்தப் பட்டப்படிப்புக்கு உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞானப் பிரிவே இல்லை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் ஆசிரியர் இருக்கிற கலைப் பிரிவுக்கே போகிறது. அதன்பின் இந்தக் கதவு திறக்காது.

அனுமதியில் திறமைக்கு 40 வீதம், மாவட்டக் கோட்டாவுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன, கண்டி இல்லை. ஆகவே தெல்தோட்டை மலையில் ஆசிரியர் இல்லாமல் படித்த பிள்ளை, கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு அதே கோட்டாவுக்குப் போட்டி போட வேண்டும். மாவட்டத்தை மட்டும் பார்த்து அளக்கிற இந்தக் கணக்கில் தோட்டம் மறைந்துபோகிறது. இதை நாம் உரத்துப் பேசியது போதாது.

பட்டம் மட்டும்தான் வழி என்றும் இல்லை. குண்டசாலையில் திணைக்களத்தின் கால்நடை வளர்ப்புப் பாடசாலை இருக்கிறது. அங்கே டிப்ளோமா முடித்தவர்கள் கால்நடை அபிவிருத்தி போதனாசிரியர்களாக வேலைக்குப் போகிறார்கள். செயற்கை முறையில் சினை ஊசி போடுவதும் பயிற்சி பெற்றுச் செய்யும் தொழில்தான். மாட்டின் பருவத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் அதன் பாதி வெற்றி இருக்கிறது. அந்தக் கண் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே உண்டு. "மாட்டுச் சாணி அள்ளவா படிக்க வைத்தோம்" என்று கேட்கும் பெற்றோரும் நம்மில் உண்டு, மறைப்பானேன்.

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையிலாவது உயர்தர விஞ்ஞானப் பிரிவு முழு ஆசிரியர்களோடு நடக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கம் மாகாணக் கல்வி அமைச்சிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். குண்டசாலைக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வந்தால் அதைத் தமிழில் ஒவ்வொரு தோட்டத்துப் பெரட்டுக் களத்திலும் ஒட்டுவது சங்கத்தின் வேலை. இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர்களைத் தோட்டத் தலைவர்மார் இப்போதே எடுத்து வைக்கட்டும், பெறுபேறு வந்து பிள்ளைகள் பாடம் தெரிவு செய்வதற்குள் வீடுவீடாகப் போய்ப் பேச வேண்டியிருக்கிறது.