முட்டை தின்னால் குண்டாயிடுவானாம் நம்ம பிள்ளை

போன ஆடி மாசம் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பியது. மாமா சென்ட்ரிங் வேலைக்குப் பெங்களூர் போயிருந்தார். "புள்ள பள்ளிக்கூடத்துல ஏதோ கூட்டமாம்டா. அவங்க பேசறது பாதி எனக்கு வெளங்காது. நீயும் வா" என்றது. போனேன்.

அரசு உதவி பெறும் பள்ளி. ஊர்த் தெருப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். பெஞ்சில் சேர்ந்துதான் உட்காருகிறார்கள். சோறு தின்னும்போது எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கூட்டத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மா பேசினார். இன்றைய பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து உடல் பருமன் என்றார். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இனிப்பு வேண்டாம் என்றார். சரிதான். காலையில் நாலு பாதாம், ஒரு டம்ளர் பால், ஒரு ஆப்பிள், மதியம் பச்சைக் காய்கறி என்றார். அதுவும் சரிதான். அதற்குப் பிறகுதான் வந்தது விஷயம். முட்டை, கறியெல்லாம் அடிக்கடி கொடுக்காதீர்கள், கொழுப்பு ஏறும். சாத்வீகமான சாப்பாடு கொடுத்தால் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து படிக்கும் என்றார். பக்கத்தில் நின்ற ஆசிரியர் சேர்த்துக்கொண்டார்: டிபன் பாக்ஸில் அசைவம் வேண்டாம், கூட உட்காருகிற பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்கிறதாம்.

பேச்சு முடிந்ததும் பிள்ளைகளை மிஷினில் ஏற்றி எடை பார்த்தார்கள். அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயசு. 27 கிலோ. அட்டையில் 'எடைக் குறைவு' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அட்டையை வாங்கிக்கொண்டு நேரே அந்த அம்மாவிடம் போனது.

"ஏம்மா, முட்ட வேணாங்கறீங்க, கறி வேணாங்கறீங்க. எம் புள்ளைக்கு எட எதத் தின்னும்மா ஏறும்?"

அவர் சிரித்தார். "சாப்பாட்டுப் பழக்கத்தை மாத்தணும்மா. உங்க ஆளுங்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரலை."

அந்த 'உங்க ஆளுங்க'தான் என்னை இதை எழுத வைத்தது.

தோழர்களே, பழக்கம் என்றால் என்ன? வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறவன் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பதுதான் பழக்கம். நமக்கு யார் தேர்வைக் கொடுத்தது? நான் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசு விடுதிச் சோறு தின்றவன். சுவரில் உணவுப் பட்டியல் அழகாக எழுதித் தொங்கும். வாரத்துக்கு ஒரு நாள் கறி என்று இருக்கும். தட்டில் விழுந்தது எலும்பும் மஞ்சத் தண்ணியும். சாம்பாரில் பருப்பைத் தேடினால் நம் முகம்தான் தெரியும். ப்ளஸ் டூ முடிக்கும்போது நான் 38 கிலோ. என் பழக்கமா அது?

நாம் எதைத் தின்னலாம் என்பதை ஊர் தீர்மானித்த கதை பழைய கதை. அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தைப் பற்றிச் சொல்கிறார். யாத்திரை போய்த் திரும்பிய ஒரு தீண்டப்படாதவர் தன் சாதிசனத்துக்கு விருந்து வைத்தார். பலகாரத்தில் நெய் சேர்த்தார். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடி தூக்கிக்கொண்டு வந்து சோற்றைப் பாழாக்கி, தின்றுகொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். நெய் அவர்கள் அந்தஸ்தாம், நாம் தொடக்கூடாதாம். அன்றைக்கு நெய் தின்றதற்கு அடித்தார்கள். இன்றைக்கு முட்டை தின்றால் நோய் வரும் என்று பாடம் நடத்துகிறார்கள். கையில் தடி இல்லை, எடை மிஷின் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் அம்மா தெரியாமல் பேசிவிட்டார் என்று விட்டுவிட முடியாது. 2015இல் மத்தியப் பிரதேச முதல்வராக இருந்த சிவராஜ் சிங் சவுகான் அங்கன்வாடியில் முட்டை போடும் திட்டத்தை நிராகரித்தார். 2021 கடைசியில் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க ஆரம்பித்ததும் மடாதிபதிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 2022இல் புதிய கல்விக் கொள்கைக்காக அந்த மாநிலத்தில் தயாரான ஓர் அறிக்கை அதற்கு விஞ்ஞான வேஷம் கட்டியது. இந்தியர்களுக்குச் சின்ன உடம்பு, முட்டையும் கறியும் தொடர்ந்து தின்றால் வாழ்க்கைமுறை நோய்கள் வரும் என்பது அதன் சாரம்.

சின்ன உடம்பு! உடம்பு ஏன் சிறுத்தது என்று கேட்டார்களா? தாய் வயிற்றிலேயே ரத்தசோகையோடு உருவாகி, பிறந்து தவழ்ந்து நடக்கும்போது பாலும் முட்டையும் இல்லாமல் வளர்ந்தால் உடம்பு சிறுக்கும். சிறுக்க வைத்தது யார்? தின்னக் கொடுக்காமல் உடம்பைச் சிறுக்க வைப்பார்கள். பிறகு அந்தச் சிறுத்த உடம்பையே சாட்சியாகக் காட்டி, கைக்கு வந்த முட்டையையும் பிடுங்குவார்கள். மனுவுக்குக்கூட இந்தச் சாமர்த்தியம் வரவில்லை. இத்தனைக்கும் அதே கர்நாடகத்தில், யாதகிரி மாவட்டத்தில் அரசே நடத்திய ஆய்வில், முட்டை தின்ற பிள்ளைகளுக்கு எடை நன்றாகக் கூடியிருந்தது. பிறகு வந்த அரசு 2024இல் வாரத்துக்கு ஆறு நாள் முட்டை என்று கூட்டியது. ஆகவே போராடினால் நடக்கும்.

கணக்கைப் பார்ப்போம். 2016-18இல் ஒன்றிய அரசு எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 5 முதல் 9 வயசுப் பிள்ளைகளில் 23 விழுக்காடு மெலிந்து கிடந்தார்கள். எடை கூடினவர்கள் 4 விழுக்காடு. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயசுக்குக் கீழே வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைகள் 35.5 விழுக்காடு, தலித் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 39 விழுக்காட்டுக்கு மேலே. நாலு பேருக்கு இருக்கிற நோயைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவன், இருபத்துமூணு பேருக்கு இருக்கிற பசியைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? அந்த நாலு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதில் இருக்கிறது பதில்.

பாதாமுக்கும் ஆப்பிளுக்கும் அக்கா அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு அறுபது ரூபாய்க்குக் குறையாது. வீட்டில் மூணு பிள்ளைகள். ஒரு முட்டை ஏழெட்டு ரூபாய்தான். தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவில் 12 கிராம் புரதம் இருக்கவேண்டும் என்பது அரசு வைத்த அளவு. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. பாதிச் சுமையை ஒரு முட்டையே தூக்கிவிடும். ஏழைக்குக் கைக்கெட்டுகிற ஒரே நல்ல உணவைத்தான் இவர்கள் தீட்டு என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நாம் கொஞ்சம் முன்னால் நிற்கிறோம், மறுக்கவில்லை. 1920இல் நீதிக்கட்சி சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராசர் விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார், 2010இல் அது வாரத்துக்கு ஐந்தானது. இந்தச் சோறு இல்லையென்றால் நம்மில் பாதிப்பேர் எழுதப் படிக்கத் தெரியாமல் ஏர் பின்னால் போயிருப்போம். ஆனால் 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்துக்குப் பட்டியல் போடும்போது உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று போட்டார்கள். முட்டை ஞாபகம் வரவில்லை. 2014இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கு மேல் அசைவம் தின்கிறவர்கள். பட்டியல் யாருடைய அடுப்பங்கரையிலிருந்து வந்தது?

அடுப்பங்கரை என்றதும் இன்னொன்று. சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018இல் அவிநாசி பக்கம் ஓர் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊரே திரண்டது. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் உத்தரவை ரத்து செய்தார்கள். 2023இல் கரூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைத்த காலை உணவை எங்கள் பிள்ளைகள் தின்னாது என்று பெற்றோர் மறித்தார்கள். தன் பிள்ளை பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, நம் கை பட்ட சோறு வேண்டாம் என்கிறவன் பழக்கத்தை எந்த வெள்ளைக் கோட்டு மாற்றப்போகிறது? விழிப்புணர்வு வராதது எந்த ஆளுங்களுக்கு?

இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருந்தால் நான் யோக்கியனில்லை. பள்ளி வாசலில் இருக்கிற பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய் பாக்கெட் தோரணமாகத் தொங்குகிறது. அக்கா மகனும் அதைத்தான் தின்கிறான். உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பண்டத்தைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று 2020இலேயே விதி போட்டிருக்கிறார்கள். அந்த 50 மீட்டரை எந்த அதிகாரியும் நாடா பிடித்து அளந்து நான் பார்க்கவில்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற தாய், அழுகிற பிள்ளை கையில் அஞ்சு ரூபாய் திணித்துவிட்டு ஓடுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சின்ன வயசில் பட்டினியில் மெலிந்த பிள்ளைதான் பிற்பாடு இந்தப் பண்டத்தைத் தின்று வயிறு பெருத்துச் சர்க்கரை நோயில் விழுகிறது. மெலிவும் பருமனும் இரண்டு நோயில்லை, ஒரே வறுமைக்கு இரண்டு முகம். இதை நாமே நம் தெருவில் பேசவேண்டும். கேழ்வரகுக் கூழும் கருவாடும், ஈரலும் ரத்தப் பொரியலும், வயல் நண்டும் நத்தையும் தின்று வளர்ந்த சனம் நாம். அதைக் கேவலம் என்று நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் பாக்கெட்டை நாகரிகம் என்று எடுத்துக்கொண்டான்.

சோறு தின்னும்போது எங்கே உட்காருகிறார்கள் என்று சொன்னேனே, அதை அக்கா மகனிடமே கேட்டேன். "கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்தா பின்னாடி வேப்பமரத்துக்கிட்ட போய்த் தின்னுடுவேன் மாமா. மூடிய முழுசாத் தெறக்க மாட்டேன்" என்றான். மூடியை முழுசாகத் திறக்காமல் தின்கிற பிள்ளை எத்தனை வாய் தின்னும்? அந்த 27 கிலோவில் இந்த வெட்கமும் சேர்ந்திருக்கிறது.

அதனால் இதை இயக்கம் கையில் எடுக்க வேண்டும். காலை உணவிலும் முட்டை கேட்போம். பால் குடிக்கிற வயசிலிருந்து பள்ளி முடிக்கிற வரைக்கும் ஒரு நாள் விடாமல் கேட்போம். பிள்ளையின் டிபன் பாக்ஸில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்ல எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை என்று எழுதி வாங்குவோம். விடுதிப் பட்டியலில் இருக்கிற கறி தட்டுக்கு வருகிறதா என்று மாணவத் தோழர்கள் தராசோடு போய்ப் பார்க்கட்டும். எடை போடவேண்டியது பிள்ளைகளை மட்டுமல்ல.

அடுத்த கூட்டம் தை மாசம் என்றார்கள். இந்தத் தடவை நானும் அக்காவும் மட்டும் போகப்போவதில்லை. சேரியிலிருந்து இருபது தாய்மார்கள் வருகிறார்கள். ஆளுக்கொரு அவித்த முட்டை கொண்டுவரச் சொல்லியிருக்கிறது அக்கா. கூட்டம் நடக்கிற ஹாலிலேயே, பிள்ளைகளை உட்காரவைத்து, மூடியை முழுசாகத் திறந்து ஊட்டுவதாக இருக்கிறோம்.