மூன்று பொருத்தங்கள்

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வீட்டுக்கு ஒரு யந்திர சாமான் வாங்கும்போதோ ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்த வாரம் ஒரு ஹோஸ் குழாயைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் நம்மவர் பிள்ளைகளும் பெண்களும் டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீடு வாங்கிக் குடியிருப்பது இன்று சாதாரண விஷயம். பேரக் குழந்தைகளைப் பார்க்கப் போகும் தாய்மார்கள் பலர் அங்கே அந்த ஹோஸையும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் பல வீடுகளில் தூசி உறிஞ்சும் யந்திரத்தை அறைக்கு அறை இழுத்துச் செல்வதில்லை. மோட்டார் நிலவறையிலோ கார்க் கொட்டகையிலோ நிலையாக இருக்கும். அதிலிருந்து இரண்டு அங்குலக் குழாய்கள் சுவருக்குள்ளே ஓடி, ஆங்காங்கே மூடியிட்ட வாய்களில் வந்து முடியும். அந்த வாயில் ஹோஸைச் செருகிப் பெருக்கினால், தூசி முழுவதும் சுவர் வழியே போய்விடும். யோசனை புதியதன்று. 1901-ல் லண்டனில் ஹ்யூபர்ட் ஸெஸில் பூத் என்ற என்ஜினீயர் கண்ட யந்திரம் குதிரை வண்டியில் தெருவிலேயே நிற்கும். நீண்ட ஹோஸ்கள் மட்டும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும்.

பிறர் குடியிருந்த வீட்டை வாங்கும்போது மோட்டார் இருக்கும். ஹோஸ் கிழிந்திருக்கும், அல்லது காணாமற் போயிருக்கும். உடனே மோட்டாரின்மேல் உள்ள கம்பெனிப் பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். பெயர் அவ்வளவு முக்கியமன்று. அந்நாடுகளில் பெரும்பாலான கம்பெனிகளின் ஹோஸ் முனை சுமார் ஒன்றரை அங்குலந்தான். பெயரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மின்சாரப் பொருத்தம். சுவர் வாயின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே விரலையோ கம்பியையோ விடவேண்டாம். இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் மாத்திரம் தெரிந்தால், அதில் வருவது சுமார் 24 வோல்ட். நிலவறை மோட்டாரை முடுக்கிவிடுவதே அதன் வேலை. அவற்றுடன் வேறு இரண்டு துவாரங்களும் இருந்தால் அவை 120 வோல்ட். கம்பளத்தைத் தட்டிப் பெருக்கும் மோட்டார் பிரஷ்ஷுக்கு உரியவை. இந்த இரண்டாம் வகைக்கான ஹோஸை முதல் வகை வாயில் வைத்துப் பயனில்லை, பிரஷ் சுழலாது. அத்தகைய வீட்டில் கம்பளம் நிறைய இருந்தால், முனையருகே வால்போல் ஒரு மின்கயிறு தொங்கும் ஹோஸை வாங்க வேண்டும். அதைச் செருகுவதற்கு ஒவ்வொரு சுவர் வாயின் அருகிலும், ஏறக்குறைய ஆறு அடிக்குள், ஒரு பிளக் இருப்பது அவசியம். கம்பளமே இல்லாத மரத்தரை வீடானால், கம்பி ஓடாத எளிய ஹோஸே போதும். கனமும் குறைவு, விலையும் குறைவு.

இரண்டாவது, நீளப் பொருத்தம். 30 அடி, 35 அடி என்று ஹோஸ்கள் விற்கின்றன. நீளமாக இருப்பது எப்போதும் நல்லது என்று எண்ணலாகாது. நீளம் கூடக்கூட உள்ளே ஓடும் காற்றுக்கு உராய்வு கூடி, உறிஞ்சும் சக்தி குறையும். தூக்கும் பாரமும் ஏறும். ஒரு கயிற்றின் நுனியைச் சுவர் வாயில் பிடித்து, மேஜை நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு மிகத் தொலைவிலுள்ள மூலைவரை அளந்து பாருங்கள். மாடிப்படியையும் மறவாதீர்கள். வந்த அளவில் கைக்கோலின் நீளத்தைக் கழித்தால் வேண்டிய நீளம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கைப்பக்கத்துப் பொருத்தம். பழைய கோலையும் பிரஷ்ஷையும் வைத்துக்கொள்வதாயின் அவற்றைக் கடைக்கே எடுத்துச் செல்ல வேண்டும். சில கோல்கள் அழுத்திச் செருகுவன. சில பொத்தானால் பூட்டிக்கொள்வன. ஹோஸ் முழுவதும் சுவருக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும் ஏற்பாடுள்ள வீடானால், அதற்கென்றே செய்த ஹோஸைத் தவிர வேறு எதுவும் உதவாது.

இன்னொரு எச்சரிக்கை. மின்கம்பி ஓடும் ஹோஸ் கிழிந்துவிட்டால், சிக்கனம் என்று டேப் சுற்றி ஓட்டுவதும், வெட்டிக் குட்டையாக்குவதும் கூடாது. மிச்சப்படுத்தும் சில டாலரைவிட உயிர் பெரிது.

மூன்று பொருத்தமும் கூடிய பிறகும் ஒருவருடைய சம்மதம் பாக்கி இருக்கிறது. அந்த ஹோஸைத் தினந்தோறும் தூக்கிப் படியேற வேண்டியவர் வீட்டு எஜமானர் அல்லர். முழங்கால் வலியோடு இருக்கும் தாயாராகவோ, வேலைக்குப் போய்த் திரும்பும் மருமகளாகவோ இருக்கலாம். அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் தூக்கிப் பார்த்து, “இது எனக்குச் சரி” என்று அவர் சொன்ன பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.