விருந்தினர் அறைக்கு ஏற்ற விளக்கு

சௌல்தாரியில் தம் இல்லத்து அறையொன்றைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நாள் வாடகைக்கு விட எண்ணும் அன்பர்களுக்கு யாம் கூற விரும்புவது இதுவே. அந்தமானில் டிசம்பர் மாதத்தில் மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறைகிறான். ஆகவே அறையின் அழகு பெரிதும் விளக்கையே சார்ந்தது.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் வார்க்கப்படும் பித்தளைக் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. அதனைக் கூடத்தில் வைத்து, அந்தியில் வீட்டாரே ஏற்றுக. கொசுவலை கட்டிய அறையில் எண்ணெய்ச் சுடரை விருந்தினர் பொறுப்பில் விடலாகாது. தீ விபத்து நேரும். அங்கு 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு, பழைய 60 வாட் குமிழ் விளக்கின் ஒளியைத் தரும். தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசலால் பெறப்படுவதால் சிக்கனமும் நம் கடமையாகும்.

கடற்காற்றில் பித்தளை மங்கும். வாரந்தோறும் புளியிட்டுத் துலக்குக. அவ்வாறு துலக்கி ஏற்றிய விளக்கொன்று இருப்பின், வந்தவர் தமிழர் இல்லம் இதுவென உணர்வர்.