ஐஸ் மீனைப் பழிப்போருக்கு

கரவெட்டியில் நல்ல மீனுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்க ஒரு கேள்வி போதும். படலையைத் திறக்குமுன்னமே வீட்டுக்கார அம்மா கேட்பார்: "தம்பி, ஐஸ் போட்டதோ?" மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர் சத்தியம் பண்ணுவார்: "சும்மா இருங்கோ அக்கா, இப்பதான் கரையால வந்தது. பாருங்கோ, துடிக்குது." எங்கே துடிப்பது? பருத்தித்துறைக் கரையில் விடிய ஏலம் கூறி, நெல்லியடி தாண்டி, பத்து மணி வெயிலில் ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்த அறக்குளா அது. ஆனாலும் அந்தப் பொய் இருவருக்கும் வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு ஐஸ் துண்டு கண்ணில் பட்டால் விலை விழுந்துவிடும். அதனால் பலர் ஐஸ் வைப்பதே இல்லை. வைப்பவர்களும் ஊர் எல்லையில் கொட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

பிடித்த மீன் அப்படியே சட்டிக்குப் போக வேண்டும், ஐஸ் பட்டால் ருசி செத்தது என்பது வடமராட்சியில் வேதவாக்கு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்ற கணக்கில் மீனையும் சேர்த்துவிட்டோம். பிழையான நம்பிக்கைகள் ஊரில் எத்தனையோ உண்டு, எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இது தின்பவர் உடம்புக்கும் பிடிப்பவர் வயிற்றுக்கும் சேர்த்துக் கேடு செய்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்மைக் காலமாக இந்த நம்பிக்கைக்கு யப்பானிலிருந்து ஒரு சாட்சியையும் கூட்டி வருகிறார்கள். ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் சொல்கிற கதை இது. பிள்ளைகள் ஒமகாசே என்று ஓரிடத்துக்குக் கூட்டிப் போனார்களாம். பட்டியல் கிடையாது. பத்துப் பேர் ஒரு மரப்பலகையின் முன்னால் வரிசையாக இருக்க, சமையற்காரர் தான் நினைத்ததை ஒவ்வொரு துண்டாகப் பிடித்துக் கையில் கொடுப்பாராம். ஆளுக்குப் பல நூறு டொலர். "கடலால வந்த உடன வெட்டிக் குடுக்கிறபடியாத்தான் பச்சையாத் தின்னலாம். அவ்வளவு பிறெஷ்! எங்கட ஆக்கள் சொல்லுறதைத்தானே அவங்களும் செய்யிறாங்கள்" என்று கதை முடியும். கேட்டுக்கொண்டிருப்பவர்களும் தலையாட்டுவார்கள்.

சாட்சி பொய்ச்சாட்சி. ரொறன்ரோவுக்கு முதன்முதலாக மிஷெலின் வழிகாட்டி வந்த 2022இல் இரண்டு நட்சத்திரம் பெற்ற ஒரே உணவகம் 'சுஷி மசாகி சாய்டோ'. அங்கே பரிமாறப்படும் மீனில் பெரும்பங்கு டோக்கியோவின் டொயோசுச் சந்தையிலிருந்து விமானத்தில் வருகிறது. பறக்கும் நேரம் மட்டுமே ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம். கடலிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து விமான நிலையத்துக்கும், சுங்கத்துக்கும் ஆகும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். நெல்லியடியில் "நேற்றையான்" என்று நாங்கள் தள்ளிவிடுகிற மீனைவிட மூத்த மீனைத்தான் அந்தப் பிள்ளைகள் கண்ணை மூடிச் சுவைத்திருக்கிறார்கள்.

அது தூரத்தால் வந்த நிர்ப்பந்தம் என்று யாரும் தப்பிக்க வேண்டாம். டோக்கியோவிலேயே அப்படித்தான். இன்று உலகம் அறிந்த சுஷி 1820களில் எடோ என்ற அன்றைய டோக்கியோவின் தெருக்கடைகளில் உருவானது. ஹனாயா யோஹெய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். குளிரூட்டி இல்லாத காலம். கொஹாதா என்ற சூடை போன்ற சிறுமீனை உப்பிலும் வினாகிரியிலும் ஊற வைத்தார்கள். சூரையைச் சோயாக் குழம்பில் அமிழ்த்தி வைத்தார்கள். விலாங்கை அவித்தார்கள். வெள்ளைச் சதை மீனைக் கொம்பு என்ற கடற்பாசித் தாள்களுக்கிடையே வைத்து இறுக்கினார்கள். கெடாமல் காப்பதற்கென்று செய்தது ருசிக்கான வித்தையாகி நிலைத்துவிட்டது. இன்றைக்கும் எடோ மரபு என்று பெருமைப்படும் கடைகளில் மதிப்பு அந்த வித்தைக்குத்தான். டோக்கியோவில் கோஜி கிமுரா என்ற சுஷிக் கலைஞர் பெயர் வாங்கியதே மீனை வாரக்கணக்கில் குளிரில் பழுக்கவைத்துப் பரிமாறியதால். வாரக்கணக்கில்! எங்கள் ஒழுங்கையில் இதைச் சொன்னால் நாயைவிட்டுத் துரத்துவார்கள்.

யப்பானியருக்கு விசர் பிடிக்கவில்லை. செத்த மீனின் சதைக்குள் நடப்பதை அவர்கள் நூறு வருடத்துக்கு மேலாகப் படித்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் மீனின் தசைக்குச் சக்தி கொடுக்கும் ஏ.டி.பி. என்ற பொருள், மீன் செத்த பிறகு படிப்படியாக உடைந்து இனோசினேற் என்ற பொருளாகிறது. நாக்குக்குச் சுவையாகத் தெரிவது இந்த இனோசினேற்தான். அது சேருவதற்குச் சில மணித்தியாலம் முதல் ஒரு நாளுக்கு மேல்வரை எடுக்கும். மீனுக்கு மீன் வேறுபடும். பிறகு அதுவும் உடைந்து, கடைசியில் கசப்புத் தட்டும். இந்தக் கணக்கை வைத்து மீனின் நிலையை ஓர் எண்ணாக அளக்கும் முறையை யப்பானிய ஆய்வாளர்கள் 1959இலேயே வெளியிட்டார்கள். சுருங்கச் சொன்னால், துடித்து அடங்கிய நிமிடத்தில் மீனில் அந்தச் சுவை இன்னும் முழுதாகப் பிறக்கவில்லை.

இனோசினேற் என்றவுடன் ஏதோ யப்பான் மருந்து என்று முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் அடுப்படியிலேயே போத்தலில் இருக்கிறது. 1913இல் ஷின்டாரோ கொடாமா இதைச் சுவையின் காரணமாகக் கண்டுபிடித்தது கட்சுவோபுஷி என்ற காய்ந்த சூரையில். அதே சூரை இனத்தை அவித்து, புகை போட்டு, கல்லுப்போல காயவைத்து மாலைதீவார் எங்களுக்கு அனுப்புவதுதான் மாசி. சம்பலில் மாசி குறைந்தால் "ஏதோ குறையுது" என்று நாக்குத் தேடுமே, அது தேடுவது இந்தப் பொருளைத்தான். மாதக்கணக்கில் கிடந்த மாசியைச் சம்பலுக்கு இடித்துப் போட்டுக்கொண்டே, ஒருநாள் ஐஸில் இருந்த மீனை ருசி செத்தது என்று தள்ளுகிறோம். முதல்நாள் வைத்த மீன்குழம்பு அடுத்தநாள்தான் சாப்பாடு என்று சொல்வதும் நாங்கள்தான்.

துடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணலில் கிடந்து துள்ளித் துள்ளி அடங்குகிற மீனைப் பார்த்தால் எங்களுக்கு நாவூறுகிறது. ஆனால் யப்பானிய மீனவர் பயப்படுவது அந்தத் துள்ளலுக்குத்தான். துள்ளத் துள்ள மீன் தன் ஏ.டி.பி.யை எரித்துத் தீர்க்கிறது, சதையில் அமிலம் ஏறுகிறது. சூரை போன்ற பெருமீனுக்கு உடம்புச் சூடும் ஏறி, சதை வெளிறிப் புளிக்கத் தொடங்குகிறது. அதனால் இகெஜிமே என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மீன் படகில் ஏறியவுடன் கண்ணுக்குப் பின்னால் மூளையில் ஒரே குத்து. செவுளை அறுத்து இரத்தத்தை வடிய விடுவது. முள்ளந்தண்டுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி நரம்பை அடக்குவது. உடனே ஐஸ் கரைத்த தண்ணீருக்குள் இறக்குவது. எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அந்த மீன் துடிக்காது. துடிக்காததாலேயே விலை போகும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் டொயோசுவில் 278 கிலோச் சூரை ஒன்று 33 கோடியே 36 இலட்சம் யென்னுக்கு ஏலம் போனதை எல்லோரும் படித்திருப்பீர்கள். அது புதுவருட விளம்பரத்துக்காகக் கொட்டிய காசு, ருசிக்கான விலை அல்ல. அந்தக் கூத்தை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஒமகாசேயின் கட்டணமும் எனக்கு உவப்பானதல்ல. இருபது வாய் சாப்பாட்டுக்கு ஒரு குடும்பத்தின் மாதச் செலவைக் கொடுப்பவர்களோடு எனக்கு வழக்குமில்லை, பொறாமையுமில்லை. அந்தப் பலகைக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர் மீனை எப்படி நடத்துகிறார் என்பதை மட்டும் பாருங்கள் என்கிறேன்.

நாங்கள் பச்சையாகத் தின்பதில்லையே, புளியும் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கொதிக்க வைக்கிறோமே, எங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உறைப்புக் குழம்பில் அந்த நுண்சுவை அரைவாசி அமுங்கிப்போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சதையின் பதம் அமுங்காது. ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 1995இல் வெளியிட்ட மீன் தரம் பற்றிய கையேடு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: மீன் செத்து விறைக்குமுன் சமைத்தால் சதை களிபோல இருக்கும், விறைத்திருக்கும்போது சமைத்தால் கடினப்படும், விறைப்பு விட்டபின் சமைத்தால்தான் இறுக்கமும் சாறும் சேர்ந்திருக்கும். அந்த விறைப்பு விடும்வரை மீனைக் கெடாமல் வைத்திருக்க ஐஸைவிட்டால் எங்களிடம் வேறு வழி இல்லை.

ருசி கிடக்கட்டும். உடம்புக் கதைக்கு வருவோம். சூரை, கும்பிளா, சூடை வகைகளின் சதையில் இயல்பாகவே ஹிஸ்டிடின் நிறைய உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். எங்கள் ஊரில் இதற்கு ஆயத்தமாக ஒரு பெயர் இருக்கிறது: கிரந்தி. "சூரை கிரந்தி, எனக்கு ஒத்துவராது" என்று மீனின் குணத்தின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். உண்மையிலேயே மீன் ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் போன கிழமை ஒன்றும் செய்யாத சூரை இந்தக் கிழமை கடிக்கிறதென்றால் குற்றவாளி பெட்டியில் இல்லாத ஐஸ். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. பொரித்தாலும் போகாது. மணத்திலும் பிடிபடாது. செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமத்திப் பார்த்து வாங்குகிற எங்கள் கெட்டித்தனமெல்லாம் இங்கே செல்லாது. காற்றோ கடல்நீரோ 28 பாகைக்கு மேல் இருந்தால், செத்து ஆறு மணித்தியாலத்துக்குள் இவ்வகை மீன் ஐஸுக்குள் போய்விட வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். எங்கள் கடலில் 28 பாகை என்பது வருடத்தில் பெரும்பகுதி. இரவு வலையில் செத்த மீன் பகல் பத்துமணிக்குக் கரவெட்டிப் படலைக்கு வரும்போது எத்தனை மணித்தியாலம் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஐஸின் மேல் இந்த வெறுப்பு சும்மா வரவில்லை என்பதும் உண்மை. 1990க்குப் பிறகு ஒரு தலைமுறையே மின்சாரமில்லாமல் வளர்ந்தது. குளிர்சாதனப்பெட்டி உடுப்பு அடுக்கும் அலுமாரியாக நின்ற வீடுகளை நான் அறிவேன். கடலுக்கும் தடை, எரிபொருளுக்கும் தடை. கிடைத்த கொஞ்ச மீனை அன்றன்றே ஆக்கித் தின்றோம், அதையே மீன் தின்னும் முறை என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டோம். மற்றப்பக்கம், தெற்கிலிருந்து வந்த ஐஸ் மீன் நல்ல பெயர் எடுக்கவுமில்லை. வாரக்கணக்கில் கடலில் நிற்கும் பலநாட் கலங்களின் அடித்தட்டில், நூற்றுக்கணக்கான கிலோவின் கீழே நசிந்து, கரைந்த ஐஸ் தண்ணீரில் ஊறி வந்த மீனை யார்தான் விரும்புவார்? அது ஐஸ் போட்டதால் கெட்டதல்ல. போதாத ஐஸால் கெட்டது, பிந்திப் போட்டதால் கெட்டது. கெடத் தொடங்கிய மீனுக்கு ஐஸ் வைத்தியம் பார்க்காது, அந்த நிலையில் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். ‘ஐஸில் மருந்து கலக்கிறாங்கள்’ என்ற கதையும் ஓடுகிறது. கேரளத்தில் 2018இல் 'சாகர் ராணி' சோதனைகளின்போது ஃபோர்மலின் கலந்த மீன் பிடிபட்டது உண்மைதான். ஐஸுக்குச் செலவழிக்க மனமில்லாத வியாபாரிதான் அந்த விஷத்துக்குப் போகிறான் என்பதை ஏன் யோசிப்பதில்லை?

இதில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது வேறொன்று. வெப்பக்கடல் மீன் பொதுவாகக் குளிர்க்கடல் மீனைவிட ஐஸில் அதிக நாள் நிற்கும். வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய பக்டீரியா குளிரில் முடங்கிப்போவதே இதற்குப் பெரும் காரணம். விளைமீன், கலவாய் இனங்கள் ஒழுங்காக ஐஸிட்டால் இரண்டு கிழமை தாண்டியும் நிற்கலாம். உலகத்தில் ஐஸ் யாருக்கு அதிகம் உதவுமோ அவர்களே அதைப் படலையில் வைத்துத் துரத்துகிறார்கள்.

அதன் விலையைக் கொடுப்பவர் கடற்றொழிலாளி. ஐஸ் இல்லாவிட்டால் காலை ஒன்பது மணிக்குள் விற்றாக வேண்டும். வியாபாரி அதை அறிவார், பேசாமல் நின்று நேரத்தைப் போக்குவார், விலை தானாக இறங்கும். கொழும்பில் தர்ஷன் முனிதாச 1995இல் தொடங்கிய 'நிஹொன்பாஷி' போன்ற யப்பானிய உணவகங்களுக்கும், வெளிநாட்டுச் சஷிமிச் சந்தைக்கும் இலங்கைக் கடலின் சூரை போகத்தான் செய்கிறது. போகிற மீன் படகிலேயே இரத்தம் வடித்து ஐஸிட்ட மீன். பருத்தித்துறையிலோ வல்வெட்டித்துறையிலோ கரையேறும் சூரை கடலால் குறைந்த சூரை இல்லை. கரைக்கும் கடைக்கும் இடைப்பட்ட மணித்தியாலங்களில்தான் அது குறைந்துபோகிறது.

நண்டுக்கும் மட்டிக்கும் இந்த நியாயம் பொருந்தாது. அவை செத்தவுடன் கெடத் தொடங்கும், உயிரோடு வாங்குவதே சரி. கரைவலையில் வந்த பொடிமீனை அந்தச் சூட்டோடு சொதி வைப்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. கடற்கரையில் வீடிருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். கரவெட்டியில் கடற்கரை இல்லை. எங்களுக்கு வருகிற மீன் எல்லாம் பயணம் செய்து வருகிற மீன்.

ஆகவே கரவெட்டி, நெல்லியடி வீட்டுக்காரருக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு மீன்காரத் தம்பி கோர்ன் அடிக்கும்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "தம்பி, ஐஸ் எங்கே?" ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கில் பெட்டி நிறைந்திருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஐஸ் இல்லாமல் வெயிலில் வந்த சூரையை, அது எவ்வளவு மினுங்கினாலும், அப்படியே திருப்பி அனுப்புங்கள். இரண்டு கிழமைக்கு நாலு வீடு இப்படிச் செய்தால் போதும், அந்தத் தம்பி ஐஸை ஊர் எல்லையில் கொட்டமாட்டார்.